இல்லமும் ஓவியக் கூடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசப்படும், இசை முழங்கும், நடனம் நிகழும். ஓவியத்துக்கு மட்டும் இம்மேடையில் இடம் கிடைப்பது அரிது. விழா முகப்பில் பெரிய மாக்கோலம் இடுகிறோம். விருந்தினர் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருகின்றனர். அத்துடன் ஓவியத்துக்கு நாம் செய்யும் மரியாதை முடிந்துவிடுகிறது. அக்கோலத்திலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்கலாம் என எண்ணுகிறோம்.

கரமனையிலும் கோட்டையிலும் வலியசாலையிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இவ்வூரின் அருங்காட்சியகத் தோட்டத்துக்கு ஒரு முறையேனும் போகாத குடும்பம் நம்முள் இராது. போனவர்கள் எங்கே போகிறார்கள்? மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறார்கள். புலியையும் குரங்கையும் கண்டு, நிலக்கடலை கொறித்து, 1880-இல் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் கட்டி முடித்த நேப்பியர் மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சில அடி தொலைவில் ஸ்ரீசித்திரா ஓவியக் கூடம் இருக்கிறது. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞரின் ஆலோசனையுடன் 1935-இல் திருவிதாங்கூர் அரசு நிறுவிய கூடம் அது. இராசபுத்திர ஓவியம், முகலாய ஓவியம், தஞ்சை ஓவியம், வங்காளத்தார் ஓவியம், ரோரிக்கின் இமயமலைக் காட்சிகள் ஆகியன அங்கே ஒரே கூரையின் கீழ் உள்ளன. குரங்கின் கூண்டருகே நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே நின்றாலும் போதும். குரங்கின்மேல் நமக்குப் பகை ஏதும் இல்லை. அதுவும் நன்றாகவே நடிக்கிறது.

ஓவியக் கூடத்துக்குள் நுழைந்த குடும்பங்கள் சிலவற்றைக் கவனித்திருக்கிறோம். தந்தையார் முன்னே விரைகிறார். தாயார் பெயர்ப் பலகையைப் படிக்கத் தொடங்குமுன் குழந்தை அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறது. கால் மணி நேரத்தில் நானூறு ஆண்டுக் கலையைக் கண்டு முடித்து வெளியே வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. பள்ளியில் கலை வரலாறு என்பது ஆண்டும் பெயரும் அடங்கிய ஒரு பத்தி. தேர்வு முடிந்த மறுநாளே அது மறைந்துபோம்.

நம் முன்னோர் இவ்வாறு பார்க்கவில்லை. பரிபாடலில் நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடலைத் தமிழ்ப் புலவர்கள் நன்கறிவர். மதுரை மக்கள் திரண்டு திருப்பரங்குன்றம் ஏறுகின்றனர். அங்கே சித்திரங்கள் தீட்டிய மண்டபம் ஒன்று உண்டு. மகளிர் ஓவியத்தைச் சுட்டிக் காட்டி, ‘இவள் யார், இவன் யார்?’ என வினவுகின்றனர்; உடன் வந்தோர் இரதி என்றும் காமன் என்றும் விடை கூறுகின்றனர். அகலிகை கதை எழுதிய இடத்தில் ஒருவர் நின்று, பூனையாய் உருமாறிய இந்திரனையும் சினந்து நிற்கும் கௌதமனையும் விளக்குகிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத காலத்துக்கு முன்பே தமிழ்க் குடும்பம் ஓவியத்தின் முன் நின்று பேசிப் பேசிக் கற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இன்னொரு சுவையான செய்தியும் இதில் உண்டு. அப்பாடலில் பூனைக்கு வழங்கும் சொல் ‘பூசை’ என்பது. சென்னையில் வளரும் குழந்தைக்கு அச்சொல் விளங்காது. இவ்வூரில் ‘பூச்ச’ என்று நாள்தோறும் கேட்டு வளரும் நம் குழந்தைக்கு உடனே விளங்கும்.

அப்பாடலில் ஓவியம் தீட்டுவதும் ‘எழுத்து’தான். தமிழில் கோலம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம். மலையாளத்தில் களமெழுத்து என்கின்றனர். எழுதுவதும் வரைவதும் நமக்கு ஒரே வினை. ஆதலின் குழந்தைக்கு எழுத்தறிவிப்பதைக் கடமையாகக் கருதும் பெற்றோர் ஓவிய அறிவை மட்டும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பொருந்துவதன்று.

இனி, எப்படிக் கற்பது? நம்முள் சில குடும்பங்கள் விடுமுறை நாள்களில் கூடிச் செய்து பார்த்த முறையைக் கூறுகிறோம். புத்தகத்தைப் பிறகு திறப்போம். முதலில் அடுக்களையைத் திறப்போம் என்பதே அதன் சாரம். எந்தக் காலத்து ஓவியத்தைக் காணப் போகிறோமோ அக்காலத்தார் கையாண்ட பொருளை நாமும் கையாண்டு, பாட்டி முதல் பேரன் வரை ஒரே தாளில் தீட்டிப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே கூடத்துக்குப் போவது.

களமெழுத்தை எடுத்துக்கொள்வோம். பகவதி கோயில்களில் தரையில் ஐந்து நிறப் பொடிகளால் தேவியின் உருவத்தை எழுதுவதை இங்குள்ள பலர் கண்டிருப்பீர்கள். வெண்மைக்கு அரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள் தூள், கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு உலர்த்திப் பொடித்த இலை. சிவப்பு எங்கிருந்து வந்தது? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. ஆரத்தி கரைக்கும் நம் தாய்மார்க்கு இது புதிதன்று. ஆயினும் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, குழந்தையின் கையாலேயே ஒரு துளி சுண்ணாம்பை இடச் செய்து பாருங்கள். அதன் கண்கள் விரியும் விரிவில் பாதி வரலாறு ஏறிவிடும்.

அதன் பின் ஒரு வினா எழும். எங்களிடம் ஒரு சிறுமி கேட்டது அது. “மஞ்சள் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது, கோயில் சுவரில் எழுதியவர்கள் ஏன் மலையிலிருந்து காவிக் கல்லைத் தேடி எடுத்தார்கள்?” விடையைச் சொல்லவில்லை. தீட்டிய தாளைச் சில நாள் வெயில் படும் சாளரத்தில் ஒட்டி வைத்தோம். மஞ்சள் வெளுத்தது, காவி அப்படியே நின்றது. பின்பு ஒரு செங்கல்லில் சுண்ணாம்பு பூசி, ஈரம் காயுமுன் மஞ்சளைத் தடவினோம். அது சிவந்து போயிற்று. அன்றே துடைத்தழிக்கும் களத்துக்கு மஞ்சள் போதும். நூற்றாண்டுகள் நிற்க வேண்டிய சுண்ணச் சுவருக்குக் கல்லின் நிறமே வேண்டும். இதை அச்சிறுமி இனி மறப்பாளா?

கேரளச் சுவரோவியம் என்னும் பெருங்கலையின் வாயில் இவ்வாறு திறக்கிறது. சுவரில் சுண்ணமும் மணலும் பூசி, அதன்மேல் இளநீர் கலந்த சுண்ண நீரை இருபத்தைந்து முப்பது முறை மெல்லிதாகத் தடவிப் பால்போல் வெண்மையாக்குவர். மஞ்சள் காவியால் கோடு எழுதுவர். மஞ்சளும் சிவப்பும் கல்லிலிருந்து. பச்சைக்கு அவுரி இலையின் சாறு சேர்ப்பர். கறுப்பு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. நம் பாட்டிமார் வாழையிலையைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மை சேர்த்ததும் அதே புகைக்கரிதான்! தெய்வத்தன்மையும் நற்குணமும் உடையோர்க்குப் பச்சை, வீரமும் வேகமும் உடையோர்க்குச் சிவப்பும் பொன்மஞ்சளும் என்று நிறத்துக்கும் குணத்துக்கும் உறவு கற்பித்தனர். கதகளியில் பச்சை வேடம் கண்ட குழந்தைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்தளத்தில் இவ்வகை ஓவியங்கள் சுவர் நிறைய உள்ளன. மேலே ஏற எளிதில் அனுமதி கிடைப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. 1956-இல் அவ்வூர் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையோ கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றது. நிலம் ஓரிடத்தது, சாவி வேறிடத்தது. நம் நிலையும் ஏறக்குறைய அதுவே என்று ஒரு நண்பர் நகைப்பார். குலசேகரத்துக்கு அண்மையில் உள்ள திருநந்திக்கரைக் குடைவரையில் இவற்றினும் பழைய ஓவியங்களின் சுவடு இருக்கிறது. எஞ்சியிருப்பவை சில கோடுகளே. நெல்லையிலிருந்து வந்தோர் ஊருக்குப் போகும்போது திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவர்களைக் காணத் தவறக் கூடாது. அங்கே எழுதிய போர்க் காட்சிகளை 1532-இல் விசயநகரப் படைக்கும் திருவிதாங்கூர் மன்னர்க்கும் நடந்த தாமிரபரணிப் போர் என ஆய்வாளர் கருதுகின்றனர். நாம் பிறந்த மண்ணும் வாழும் மண்ணும் ஒரு சுவரில் எதிரெதிரே நிற்கின்றன!

இனி, நாம் விரிவாகச் சொல்ல விரும்பும் வரலாற்றுக்கு வருகிறோம். அது கிளிமானூர்க் குடும்பத்தின் வரலாறு.

இரவி வர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தார். அன்னையார் உமாம்பா பாய் கவிதை எழுதியவர். ‘பார்வதீ சுயம்வரம்’ என்னும் துள்ளல் கதையை இயற்றியவர். தாய்மாமன் இராஜ ராஜ வர்மா தஞ்சை முறையில் ஓவியம் எழுதியவர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, கல்லும் பொன்தாளும் பதிக்கும் அம்முறை தமிழகத்திலிருந்து இங்கு வந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்து அரசவையில் புகழ் பெற்ற அழகிரி நாயுடு என்பவரிடம் அம்மாமன் பயின்றார் என்பர். மருமகன் சிறுவனாய் இருந்தபோது அரண்மனைச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கினான். சுவரைக் கெடுத்தவனுக்கு அடி கிடைக்கும் என்று பிறர் நினைத்திருக்கக் கூடும். மாமன் அவனை அழைத்துத் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். 1862-இல், பதினான்காம் வயதில், திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து ஆயில்யம் திருநாள் மன்னர்முன் நிறுத்தியவரும் அவரே.

இங்கே அரசவை ஓவியராய் இருந்தவர் இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளைஞனுக்குக் கற்பிக்க அவர் மறுத்துவிட்டார். அவரிடம் பணிபுரிந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவில் யாரும் அறியாமல் வந்து அதைச் சொல்லிக் கொடுத்தார் என வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற டென்மார்க்கு நாட்டு ஓவியர் மன்னரின் உருவம் எழுத வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்தே கற்றார் இரவி வர்மா. 1873-இல் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. மறு ஆண்டு அதே சென்னையில் பரிசு பெற்றது, சுரபத் என்னும் நரம்புக் கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம். 1875-இல் இந்தியா வந்த வேல்சு இளவரசருக்கு அது அன்பளிப்பாயிற்று.

மறைத்த ஆசிரியரின் பெயரும் நிற்கிறது. இரவில் வந்து கொடுத்தவரின் பெயரும் நிற்கிறது. ஆறுமுகம் பிள்ளை எழுதிய ஓவியம் ஒன்றையும் நாம் கண்டதில்லை. எனினும் அந்தத் தோட்டத்தில் இரவி வர்மாவின் படத்தைக் காணுந்தோறும் அம்மனிதரை நினைத்துக்கொள்கிறோம்.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன மறைபொருள்? இதையும் கையால் அறியலாம். நீர் வண்ணம் தீட்டிய சில நொடியில் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாள் கணக்கில் ஈரமாக இருந்து பின் இறுகும். அதற்குள் நிழலையும் ஒளியையும் ஒன்றில் ஒன்று குழைத்து விடலாம். அதனால்தான் தமயந்தியின் பட்டுச் சேலை அப்படி மின்னுகிறது. ‘எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே’ என்று ஒரு சிறுவன் அதிலே காவியைக் குழைத்துத் தீட்டினான். நாள் பல சென்றும் அது காயவில்லை. எல்லா எண்ணெயும் இறுகாது என்று அவன் தெரிந்துகொண்டான். அவன் தந்தையாரும் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

குடும்பம் என்று சொன்னோம் அல்லவா? இரவி வர்மாவின் தம்பி சி. இராஜ ராஜ வர்மாவும் ஓவியரே. தமையனாரோடு ஊர் ஊராய்ச் சென்று, அவருடைய படங்களின் பின்புலக் காட்சிகளில் கைகொடுத்து, நாட்குறிப்பும் எழுதி வைத்தார். 1905-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு தமையனாரும் மறைந்தார். தங்கை மங்களா பாயும் ஓவியர்தான். அவர் எழுதிய இரவி வர்மாவின் உருவப்படம் இவ்வூர் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. உலகையெல்லாம் எழுதிய அண்ணனை எழுதியது தங்கையின் கை!

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரே வீட்டில், ஒரே மாமன் நிழலில் மூவர் வளர்ந்தனர். அண்ணன் பரோடாவுக்கும் மைசூருக்கும் பம்பாய்க்கும் போனார். தம்பி உடன் போனார். தங்கை வீட்டில் இருந்தார். அவருடைய ஓவியங்களாக நாம் இன்று காண்பவை மிகச் சில. அவருக்குத் திறமை குறைவு என்று யார் சொல்ல முடியும்? நாடு காணும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை என்றே நாம் கருதுகிறோம். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பத்து வயது வரை பெண் குழந்தை வரைகிறது, பாராட்டுகிறோம். பன்னிரண்டில் பாடம் மிகுந்துவிட்டது என்று வண்ணப் பெட்டியை எடுத்து மேலே வைக்கிறோம். திருமணமான பின் அவள் கையில் மிஞ்சுவது மார்கழிக் கோலம் ஒன்றே. அடுக்குமாடி வீட்டில் அதுவும் போய், கடையில் வாங்கிய ஒட்டுக்கோலம் வந்துவிட்டது. புள்ளியிட்டு நெளி இழுக்கும் பாட்டியை, “ஓவியம் தெரியுமா?” என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும்?” என்கிறார். இருபத்தொரு புள்ளிக் கோலத்தை அளவுகோல் இல்லாமல் இட்டவர் அவர்! குடும்பம் கூடித் தீட்டும்போது முதல் கோட்டைப் பாட்டியே இழுக்கட்டும் என்று நாம் விதி வைத்திருப்பதன் காரணம் இதுவே.

எஞ்சியவற்றை விரைந்து சொல்கிறோம். 1894-இல் பம்பாயில் இரவி வர்மா அச்சகம் நிறுவினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லாக அச்சிட்ட படங்கள் நாடெங்கும் பரவின. அரண்மனையில் மட்டும் இருந்த திருமகளும் கலைமகளும் ஏழையின் சுவரிலும் வந்து அமர்ந்தனர். ஓவியம் மலிவாகிவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. நாம் அக்கட்சியில் இல்லை. அவ்வழியில் தமிழகத்தில் வந்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898 முதல் 1976 வரை வாழ்ந்தவர். அவரும் அவர் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாய்ச் சாலைக் கடைத்தெருவிலும் தொங்கின. இன்று வீட்டுக்குப் போனதும் பூசையறைப் படங்களின் அடியில் உள்ள சிறு கையெழுத்தைக் குழந்தைகளோடு தேடிப் படியுங்கள். அந்தச் சுவரே உங்கள் முதல் ஓவியக் கூடம்.

அருங்காட்சியகத் தோட்டத்தில் கே. சி. எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கும் இடம் உண்டு. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராய் இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் அவர். அவருடைய ‘சொற்களும் குறிகளும்’ வரிசைப் படங்களில் சாதகக் கட்டம் போலவும் ஏட்டெழுத்துப் போலவும் குறிகள் நிறைந்திருக்கும். படித்தால் பொருள் வராது. பெரியவர்கள் முகம் சுளிக்கும் அப்படத்தின் முன் குழந்தைகள் நெடுநேரம் நிற்கிறார்கள். எழுத்தும் ஓவியமும் ஒரே வினை என்று முன்னே சொன்னோமே, அதை அவர்கள் நமக்கு முன்பே கண்டுகொள்கிறார்கள்.

செலவைப் பற்றிச் சில தாய்மார் கேட்டனர். அரிசி மாவு, மஞ்சள், சுண்ணாம்பு, காவி, உமிக்கரி: சாலையில் ஒரு பொட்டலப் பணம். சுண்ணாம்பைக் குழந்தைகள் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். அதன் முன் அனைவரும் அமர்ந்து, முதலில் இளையவர் கண்டதைச் சொல்லட்டும்; பெரியவர் கடைசியில் பேசட்டும். கைப்பேசி பையில் இருக்கட்டும். 2023-இல் இரவி வர்மாவின் ஓவியங்களுக்கென்றே தனிக் கூடம் அத்தோட்டத்தில் திறந்துள்ளனர். முதல் நாள் அங்கே போகலாம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை நம் சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில் கூடுவதாக எண்ணம். பழைய வேட்டித் துணி ஒன்று, மூன்று கிண்ணம், வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவர்: இவற்றோடு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் வாயிலில் ஏட்டோடு அமர்ந்திருக்கும் நண்பரை அணுகலாம். குழந்தைகள் நாடகத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.